மூணு வயசுக்கு எட்டும் ஊர்

"பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விவரம் தெரியட்டும், அப்புறம் ஊர் சுற்றலாம்" என்று சொல்லாத வீடு நம் பக்கம் கிடையாது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேரனுக்கு நாலு வயதும் பேத்திக்கு இரண்டு வயதுமாக இருக்கும்போதே அவர்களோடு லண்டனிலும் சுற்றியிருக்கிறேன், தஞ்சாவூரிலும் சுற்றியிருக்கிறேன். தாராளமாகச் சுற்றலாம். ஒரே ஒரு நிபந்தனை: எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை அவர்கள் கையில் விட்டுவிட வேண்டும்.

லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது முதலில் கண்ணில் பட்டது படிக்கட்டுகள்தான். அங்கே பாதாள ரயிலில் பெரியவர் ஒருவர் கூட வந்தால் பதினோரு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். ஆனால் பழைய நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தள்ளுவண்டியை முன்னால் மாப்பிள்ளையும் பின்னால் நானும் தூக்கிக்கொண்டு ஏறுவோம். முன்பின் தெரியாத யாராவது ஒருவர் வந்து ஒரு கை கொடுத்துவிட்டு, நன்றி சொல்வதற்குள் போய்விடுவார்.

அந்த ஊரில் என் மனதில் நின்ற இடம் அரண்மனையும் இல்லை, கோபுரக் கடிகாரமும் இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து நடக்கிற தூரத்தில் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் என்று ஒரு மைதானம் இருக்கிறது. தாமஸ் கோரம் என்ற கப்பல்காரர், தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக 1739-இல் அரச அனுமதி வாங்கி ஒரு விடுதி தொடங்கினார். அந்த விடுதி நகரை விட்டுப் போன பிறகு, நிலத்தைக் கட்டடக்காரர்களிடம் விடாமல் காப்பாற்றி, 1936-இல் பிள்ளைகள் விளையாடும் இடமாகத் திறந்துவிட்டார்கள். கூட ஒரு பிள்ளை இல்லாமல் பெரியவர் யாரும் உள்ளே போக முடியாது. வாசலில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவள்தான் என்னை உள்ளே கூட்டிப் போனாள். அத்தனை விலை போகிற ஊரின் நடுவில் இவ்வளவு மண்ணைக் குழந்தைகளுக்கு எழுதி வைத்திருக்கிறார்களே என்று மனது நெகிழ்ந்துவிட்டது.

பேரனும் பேத்தியும் தை மாதம் தஞ்சாவூருக்கு வந்தார்கள். பெரிய கோயிலுக்குப் போனோம். 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது, 216 அடி விமானம், 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்பதெல்லாம் நான் நாலு பேருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகியது. பேரன் எதையும் காதில் வாங்கவில்லை. ராஜராஜன் திருவாயிலில் துவாரபாலகர் காலடியில் நின்றுவிட்டான். "தாத்தா, பாம்பு ஏன் யானையச் சாப்பிடுது?"

குனிந்து பார்த்தால்தான் அது சரியாகத் தெரியும். ஒரு பாம்பு வாயைப் பிளந்து யானையை விழுங்கிக்கொண்டிருக்கிறது. யானையே அந்தப் பாம்பின் வாய்க்குள் போகிறதென்றால் பாம்பு எவ்வளவு பெரியது? அந்தப் பாம்பே இவர் காலடியில் கிடக்கிறதென்றால் இவர் எவ்வளவு பெரியவர்? காவல்காரரே இப்படியென்றால் உள்ளே இருக்கும் சாமி? இப்படித்தான் நம் பெரியவர்கள் அதை விளக்குவார்கள். அவனுக்கு அவ்வளவு வேண்டியிருக்கவில்லை. "யானைக்கு வலிக்குமா?" என்று கேட்டான். வலிக்கும் என்றேன். பாம்பின் தலையைத் தடவிக் கொடுத்து, விட்டுடு என்று சொன்னான். பிரெஞ்சு எழுத்தாளர் சென்ட் எக்சுபெரி 1943-இல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தில்தான் தொடங்குகிறது. அந்தப் படத்தைப் பெரியவர்கள் தொப்பி என்று நினைப்பார்கள். நம் ஊர்ச் சிற்பி அதற்குத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே அதே பாம்பைச் செதுக்கி வைத்திருக்க, நாம் பராக்குப் பார்த்தபடி அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

அதே திருவாயிலின் அடிப்பகுதியில் மார்க்கண்டேயர் கதையும் அர்ச்சுனன் தவமும் சின்னச் சின்னச் சிற்பங்களாக இருக்கின்றன. அண்ணாந்து விமானம் பார்க்கிறவர்கள் கண்ணில் அவை படுவதில்லை. தவழ்கிற பிள்ளையோடு போனால் படும்.

வேளை மட்டும் பார்த்துப் போக வேண்டும். பதினொரு மணிக்கு மேல் முற்றத்துத் தளம் காய்ந்துவிடும். செருப்பில்லாத பிஞ்சுக் கால் தாங்காது. நாங்கள் போனது மாலையில். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வது வெறும் கட்டுக்கதை. சாயங்கால வெயிலில் அது கிழக்கே நீளமாக விழுந்து கிடக்கும். பேத்தி அந்த நிழலின் ஓரத்தில் காலை வைத்து, எடுத்து, வைத்து ஓடிக்கொண்டே இருந்தாள். சந்நிதிக்குள் போய்விட்டு வெளியே வந்த மகள் அவளைத் தூக்க வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் விடு என்று சொல்லித் தடுத்தேன்.

அரண்மனையும் தர்பார் மண்டபமும் அவர்களிடம் எடுபடவில்லை. சரஸ்வதி மகாலின் சுவடிகளுக்கு வயது வரட்டும். வாசல் கடையில் வாங்கிய ராஜா ராணி பொம்மை எடுபட்டது. அடியில் களிமண் கனம் வைத்து, மேலே காகிதக்கூழில் செய்து வண்ணம் பூசிய பொம்மை. எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். பேத்தி அதைத் தள்ளிவிட்டு, எழுந்ததும் கைதட்டி, மறுபடி தள்ளினாள். வீடு வரும் வரை அதுதான் வேலை.

மறுநாள் தாராசுரம். குழந்தைகளோடு ஒரே ஒரு சோழர் கோயிலுக்குத்தான் போக முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில். மண்டபமே குதிரை பூட்டிய தேர். சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஒரு பக்கம் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை என்று ஒரே தலையில் இரண்டு உடம்பு வைத்த சிற்பம் ஒன்று உண்டு. பேரன் தன் உள்ளங்கையால் மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, தங்கையையும் கூப்பிட்டுக் காட்டினான். நாயன்மார் வரிசையில் முதலை வாயிலிருந்து பிள்ளை மீண்டு வருகிற சுந்தரர் கதை ஒரு சாண் கல்லில் இருக்கிறது. அதை மூன்று முறை சொல்ல வைத்தான்.

திரும்பும் வழியில் சம்பா அறுத்த வயலில் வாத்துக்காரர் ஒருவர் கூட்டம் கூட்டமாக வாத்துகளை மேய விட்டிருந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். தாளடியில் சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டு அத்தனை வாத்தும் ஒரே சமயத்தில் திரும்பியபோது இரண்டு பேரும் வாயடைத்து நின்றார்கள். லண்டன் பூங்காக்களிலும் வாத்துகள் உண்டு; இப்படியொரு படையை அங்கே பார்க்க முடியாது.

இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்ததும் வேன் பிடித்து ஆலங்குடி, திங்களூர், திருநள்ளாறு என்று ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடிக்கிற வழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. நேர்த்திக்கடன் இருந்தால் பெரியவர்கள் போய் வாருங்கள். குழந்தையைக் கூட்டிக்கொண்டு அப்படிப் போகாதீர்கள். அதற்கு வேனின் சூடும் வாந்தியும் தவிர வேறொன்றும் மிஞ்சாது.

நம் அரசு செய்த இரண்டு காரியங்களை இங்கே மனதாரச் சொல்ல வேண்டும். 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் திறந்தார்கள். 2022 முதல் அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை. அந்த அக்கறை டெல்டாவின் ஒவ்வொரு பெரிய கோயில் வாசலுக்கும் வர வேண்டும்: பால் கொடுக்க ஒரு அறை, குடிக்கத் தண்ணீர், பிள்ளையைக் கழுவிவிட ஓர் இடம், நிழலில் நாலு திண்ணை. யாத்திரை வருகிறவர்களுக்குச் சத்திரம் கட்டிய ஊர் இது. இது ஒன்றும் முடியாத காரியம் இல்லை.

அது வரும் வரை நாம் செய்யக்கூடியது இதுதான். ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன், இல்லையென்றால் நாலரை மணிக்குப் பிறகு போங்கள். பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். பெரிய கோயிலை ஒட்டியே சிவகங்கைப் பூங்கா இருக்கிறது; கோயிலுக்கு ஒரு மணி நேரம் என்றால் அதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு வாருங்கள்.