பாக்கி ரிப்போர்ட்

ஏப்ரல் 3, 2025

பசுமைவழிச் சாலையில் மெட்ரோ வேலை. சுற்றிக்கொண்டுதான் ராஜா அண்ணாமலைபுரம் வந்து சேர்ந்தேன். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் அலுவலகம். பார்ட்டி வாரியான பாக்கி ரிப்போர்ட்டை ஓடவிட்டு, கணக்குப் பார்க்கும் அக்கா டீ குடிக்கப் போய்த் திரும்பியும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "சிஸ்டம் பழசாயிடுச்சு தம்பி, புதுசு வாங்கச் சொல்லுங்க" என்றார். முதலாளியும் விலை விசாரித்து வைத்திருக்கிறார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் கிட்டத்தட்ட சும்மா கிடக்கிறது, நெட்வொர்க்தான் திணறுகிறது. பில்லெல்லாம் இருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் ஃபைல் பக்கத்து அறை கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஆனால் கொயரியை ஓட்டுவது அக்காவின் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர். இண்டெக்ஸ் உதவாவிட்டால் பில் டேபிள் மொத்தமும் கேபிள் வழியே இங்கே வந்தாக வேண்டும்.

ஏப்ரல் 4

பில் தேதிக்கு இண்டெக்ஸ் இருக்கிறது. பிறகு ஏன் பயன்படவில்லை? கொயரியைப் பிரித்துப் பார்த்தேன். தேதியிலிருந்து ஆண்டைத் தனியாக எடு, மாதத்தைத் தனியாக எடு, நிதியாண்டுக்குப் பொருந்துகிறதா பார் என்று எழுதியிருக்கிறது. இண்டெக்ஸில் வரிசையாக இருப்பது முழுத் தேதி. ஆண்டை வெட்டியெடுத்துக் கேட்டால் ஒவ்வொரு பில்லையும் எடுத்துக் கணக்குப் போட்டுத்தான் பதில் வரும். '2024 ஏப்ரல் 1 முதல், 2025 ஏப்ரல் 1-க்கு முன்வரை' என்று மாற்றி எழுதினேன். அக்கா நாற்காலியை விட்டு எழுவதற்குள் முடிந்துவிட்டது.

போயிங்கில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972-ல் வெளியிட்ட பி-மரம்தான் இந்த இண்டெக்ஸுக்கெல்லாம் அடிப்படை. ஒரு கணுவுக்கு நூறு கிளை என்றால் மூன்றே படியில் பத்து லட்சம் பதிவுகளில் ஒன்றைப் பிடித்துவிடலாம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

ஏப்ரல் 5

ரிப்போர்ட் பார்ட்டி பெயரை வரிக்கு வரி தனித்தனியாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தது. பில், பார்ட்டி இரண்டு டேபிளையும் கொயரியிலேயே இணைத்தேன்.

ஏப்ரல் 7

கொயரி பறக்கிறது, ரிப்போர்ட்டின் முதல் பக்கம் மட்டும் இன்னும் தயங்குகிறது. அடியில் 'பக்கம் 1, மொத்தம் இத்தனை' என்று போட்டிருக்கிறார்கள். மொத்தத்தைச் சொல்ல கடைசிப் பக்கம்வரை அடுக்கிப் பார்த்தாக வேண்டும், அதை எடுத்துவிட்டேன். இன்னொன்று, ஆக்சஸ் ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு முன் பிரிண்டரிடம் தாள் அளவைக் கேட்கும். இங்கே டிஃபால்ட்டாக இருப்பது மாடியில் அணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் பிரிண்டர். அதை மாற்றியதும் பக்கம் உடனே வந்தது.

எல்லோரையும் வெளியேறச் சொல்லி, ஃபைலை நகலெடுத்த பிறகு காம்பாக்ட் செய்தேன். அழித்த பதிவுகளின் இடம் அதுவரை திரும்பக் கிடைக்காது. 2 ஜிபி-க்கு மேல் ஃபைல் வளரவும் முடியாது.

கிளம்பும்போது அக்கா கேட்டார்: "காலாவதி ஆகப்போற சரக்கு லிஸ்ட்டும் தினம் எடுக்க முடியுமா? லேட் ஆகுதுன்னு எடுக்கிறதையே விட்டுட்டேன்." இது எனக்குச் சுருக்கென்றது. நேரத்துக்குத் திருப்பி அனுப்பாத மருந்துக்குக் கம்பெனி பணம் தராது. அதைவிட, அலமாரியில் அது தங்கவே கூடாது. காலாவதித் தேதிக்கு இண்டெக்ஸே இல்லை. நாளை சாயந்திரம் அதைப் போட வேண்டும்.