விருதுநகர்: குதிரைவாலிக் காடும் பட்டாசு வேனும்

மதுரையிலிருந்து தெற்கே நாற்கரச் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் விருதுநகர். வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று வியாபாரத்தால் வளர்ந்த ஊர். சாயங்காலமானால் எண்ணெயில் பொரித்த பரோட்டா. சாத்தூர் போனால் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பால்கோவா. வாய்க்கு ருசியான மாவட்டம்தான். ஆனால் ஊர்ப்புறத்து வீட்டில் அன்றாடம் என்ன வேகிறது, உடம்பு எவ்வளவு அசைகிறது என்று பார்த்தால் கதை வேறு.

விடியலில் வரும் வேன்

ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பித்தான். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, குதிரைவாலி விளையும் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் கைவிரிக்கும். அதனால்தான் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், சிவகாசியில் சட்டென்று வேர்பிடித்தது. பின்னாலேயே பட்டாசும் வந்தது.

இன்று பொழுது விடிந்ததும் கிராமத்து விலக்கில் ஆலை வேன் வந்து நிற்கிறது. களை வெட்டி, கதிர் அறுத்து, குனிந்து நிமிர்ந்த உடம்பு இப்போது சம்மணமிட்டுக் காகிதக் குழாய் சுற்றுகிறது. பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. எழுந்து நடந்தால் அந்த நேரத்துக்குக் காசு இல்லை. தூக்குவாளியில் சோறு நிறைய, காய் கொஞ்சம். திரும்பும்போது டீயும் வடையும்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு 40 பேர் எடை கூடியவர்கள். அதே ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அம்மாவுக்கு எடை கூடுதல், பிள்ளைக்கு வளர்ச்சி குறைவு என்று இரண்டும் ஒரே வீட்டில்கூட இருக்கலாம். வயிறு நிறைகிறது, சத்து நிறையவில்லை.

ஊர் கூடி வைத்த உலை

இதற்கு வழிகாட்டியவர் இந்த ஊர்க்காரர்தான். 1903இல் விருதுநகரில் பிறந்த காமராஜர், 1956இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கியபோது அரசுப் பணம் மட்டும் போதவில்லை. ஊர்மக்கள் தந்த தானியமும் பணமும் சேர்ந்துதான் உலை கொதித்தது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவு வந்தது. அதைச் சமைப்பவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர். வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூர்ச் சிறுதானியத்தில் சிற்றுண்டி என்பது அந்தத் திட்டத்தின் தொடக்க அறிவிப்பிலேயே இருந்தது.

இங்கேதான் விவசாயிக்கு வேலை இருக்கிறது. அருப்புக்கோட்டைப் பக்கம் குதிரைவாலி சுமார் 95 நாளில் அறுவடைக்கு வரும். தண்ணீர் கட்ட வேண்டியதில்லை. பட்டை தீட்டிய அரிசியைவிட நார்ச்சத்து பல மடங்கு. ஆனால் விளைந்தது மூட்டையாக வியாபாரியிடம் போகிறது. விளைவித்தவர் வீட்டிலோ ரேஷன் அரிசிச் சோறு. உமி நீக்குவது கஷ்டம் என்பதுதான் காரணம். உரலும் உலக்கையும் போன பிறகு மில்லைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்து சுயஉதவிக் குழு மூலம் ஒரு உமி நீக்கும் இயந்திரம் வாங்கினால், அரிசி வீட்டுக்கும் வரும், பள்ளிக்கூடத்துக்கும் போகும். வெள்ளைவெளேர் என்று தீட்டாமல், மேல் உமியை மட்டும் நீக்கினால் சத்து தங்கும். கோவிலாங்குளத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரிச் சாகுபடிக்கு ஆலோசனை கேட்கலாம்.

விலக்கிலிருந்து நடை

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். 2024 முதல் தொழிற்சாலைகளிலும் இந்தப் பரிசோதனை நடக்கிறது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப்பாதை அமைத்தார்கள். நல்ல காரியம். ஆனால், வேன் பிடிக்கும் பெண்ணுக்கு நகரத்து நடைப்பாதை எட்டாது. அவளுக்குக் கண்மாய்க் கரைதான் நடைப்பாதை. கருவேல முள்ளை வெட்டி, இரண்டு விளக்கும் போட்டால் இருட்டிய பிறகும் பயமின்றி நடக்கலாம். அதைக் கிராமசபையில் கேட்டு வாங்கலாம். வேனை விட்டு ஊர் விலக்கிலேயே நாலு பேராக இறங்கி நடந்தாலும் அன்றைய கணக்குத் தீர்ந்தது.

கணக்கு இதுதான்: வாரம் 150 நிமிடம் வேக நடை. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால் ஒருமுறை பரிசோதனை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், சோற்றைக் குறைக்குமுன் டாக்டரைக் கேட்பது அவசியம்.

ஐப்பசி மழை இறங்கியதும் கரிசல் காட்டில் குதிரைவாலி பச்சைப்பசேல் என்று நிற்கும். அந்தக் கதிர், விலக்கில் நிற்கும் வேனுக்குள் தூக்குவாளிச் சோறாகவும் ஏறினால், விளைச்சல் வீடு வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.