கடைமடைப் பேரிங்

திருநெல்வேலியிலிருந்து மதுரைச் சாலையில் வடக்கே போனால் தாழையூத்து. 1949-ல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையை ஓட்டத் தொடங்கிய ஊர். சிமெண்ட் ஆலை என்றதும் சூளையும் புகைபோக்கியும்தான் கண்ணில் படும். சூளையைச் சுற்றவைக்கும் பேரிங்குகளுக்கும் பல்சக்கரங்களுக்கும் வேளை தவறாமல் கிரீஸ் வைக்கிற ஆளைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. இத்தகைய ஆலைகளில் அவர் ஆயில்மேன், பஞ்சாலையில் ஆயிலர். கையில் கிரீஸ் கன், தோளில் பனியன் வேஸ்ட். நிப்பிளைத் துடைப்பார், கன்னைப் பொருத்தி அடிப்பார், பேரிங் கூட்டின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார், சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். இந்த நான்கு வேலைகளில் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ள இப்போது தானியங்கி மைய உயவு அமைப்பு வந்திருக்கிறது. ஒரு தொட்டி, ஒரு பம்ப், அங்கிருந்து பல பேரிங்குகளுக்குக் குழாய். இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் விலையையும் எத்தனை பாயின்ட் என்பதையும் முதலில் கேட்கிறார்கள். எந்தப் பேரிங்குக்குக் கிரீஸ் போய்ச் சேரவில்லை என்பதை இந்த அமைப்பு யாருக்கு, எப்படித் தெரிவிக்கும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

தானியங்கியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையால் வைப்பதில் உள்ள குறைகள் கணக்கில் தெரிபவை. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, அதை 0.005-ஆல் பெருக்கினால் ஒரு தடவை வைக்க வேண்டிய கிரீஸின் கிராம் அளவு கிடைக்கும் என்பது பராமரிப்புத் துறையில் வழங்கும் சூத்திரம். 200 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பேரிங்குக்கு 50 கிராம். கைக் கன்னை ஒருமுறை அழுத்தினால் வருவது ஏறக்குறைய ஒரு கிராம். ஐம்பது அடி அடிக்க வேண்டிய இடத்தில் நேரமில்லாதவர் பத்தோடு நிறுத்துவார், அக்கறை மிகுந்தவர் பக்கவாட்டில் பிதுங்கும்வரை அடிப்பார். முதலாவதில் பேரிங் காயும். இரண்டாவதில் கிரீஸ் கடைபட்டுச் சூடேறும், சீலும் போகும். போதாக்குறைக்குத் தூசி. சிமெண்ட் படிந்த நிப்பிளைத் துடைக்காமல் அடித்தால் கிரீஸுக்கு முன்னால் உள்ளே போவது அந்தத் தூள்தான். ஆபத்தும் உண்டு. ஓடும் எந்திரத்துக்கு எண்ணெய் விடுபவர் தனிப் பயிற்சி பெற்றவராக, உடம்போடு ஒட்டிய உடை அணிந்தவராக, பதிவேட்டில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவு விதித்தது. வேட்டி நுனி சிக்கினால் ஆளே போய்விடுவார் என்பதை அறிந்து எழுதிய பிரிவு. காற்றாலைகளில் தானியங்கியின் தேவை இன்னும் வெளிப்படை. மே முதல் செப்டம்பர் வரை செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகக் காற்று இறங்கும்போதுதான் இந்த வட்டாரத்துக் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றும். காற்று கடுமையானால் கோபுரத்தில் ஏற ஆளை விடமாட்டார்கள். கிரீஸ் அதிகம் வேண்டிய மாதங்களில் மனிதனால் அங்கே நினைத்தபோது போக முடியாது.

ஆகவே கேள்வி எந்த வகை என்பது. ஒற்றைக் குழாய் வகையில் ஒவ்வொரு பேரிங்குக்கும் தனி அளவுக்குழல் இருக்கும், பம்ப் அழுத்தம் கொடுத்ததும் அதது தன் பங்கை விடும். விலை குறைவு, பாயின்ட் கூட்டுவதும் எளிது. ஆனால் ஒன்று அடைத்துக்கொண்டால் மற்றவை வழக்கம்போல் வேலை செய்யும், அடைத்தது வெளியே தெரியாது. தாமிரபரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலணையில் தண்ணீர் நிற்பதை வைத்துக் கடைமடை நனைந்தது என்று இங்கே எந்த விவசாயியும் ஒப்புக்கொள்ள மாட்டார். தொடர்வரிசை வகை நேர்மாறானது. ஒரு பிஸ்டன் தன் கிரீஸைத் தள்ளி முடித்தால்தான் அடுத்தது நகரும். ஓர் இடத்தில் அடைத்தால் வரிசை முழுவதும் நின்று, அழுத்தம் ஏறி, எச்சரிக்கை வரும். எல்லாப் பேரிங்கும் பட்டினி கிடக்குமே என்று இதைக் குறை சொல்வார்கள். எனக்கு அதுவே இதன் நன்மையாகப் படுகிறது. அலறி நிற்கிற எந்திரத்தைச் சரிசெய்ய ஆள் ஓடி வருவார், சத்தமில்லாமல் காய்கிற பேரிங்கிடம் யாரும் வருவதில்லை. காற்றாலைக்கு இந்த வகை பொருந்துவதும் இதனால்தான். மேலே ஆள் இல்லை, செய்தியாவது கீழே வர வேண்டும். சிமெண்ட் ஆலையின் தொலைவுக்கும் பாயின்ட் எண்ணிக்கைக்கும் இரட்டைக் குழாய் வகைதான் தாங்கும். அதில் குழாயின் கடைசி முனையில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கிறதா, பங்கீட்டுக் கட்டைகளில் ஏறி இறங்கும் குறிமுள் ஆள் நின்று பார்க்கிற உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏணி போட்டால்தான் தெரியும் குறிமுள் இல்லாததற்குச் சமம்.

விற்பனைக் கையேடுகளை நம்பித் தேர்ந்தெடுப்பதில் இன்னொரு சிக்கல். குளிர்நாட்டில் எழுதியவை கிரீஸ் உறையாமல் குழாயில் நகருமா என்பதற்கே பக்கங்களைச் செலவிடும். திருநெல்வேலிக்கு அந்தக் கவலை கிடையாது. இங்கே சித்திரை வெயிலிலும் சூளை அனலிலும் நீளக் குழாயில் அழுத்தத்தோடு கிடக்கிற கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து, சோப்புப் பகுதி மட்டும் இறுகி அடைப்பதுதான் கவலை. தொட்டியில் கிரீஸ் நிரப்புவதும் அப்படியே. கைக் கன்னில் தூசி புகுந்தால் ஒரு பேரிங்தான் கெடும். மையத் தொட்டியின் மூடியைத் திறந்து கரண்டியால் அள்ளிப் போட்டால் அந்தத் தூசி எல்லாப் பேரிங்குக்கும் பங்கு வைக்கப்படும். மூடியைத் திறக்காமல், வடிகட்டி வழியாக நிரப்பும் பம்ப் வேண்டும். அதற்காகும் பணத்தை வெட்டிச் செலவு என்று கழிப்பவர் அமைப்பையே வாங்காமல் இருக்கலாம்.

ஆளையும் வைத்துக்கொண்டு தானியங்கிக்கும் பணம் கொடுப்பது இரட்டைச் செலவு அல்லவா என்று நிர்வாகிகள் கேட்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் சென்சார் வைத்துவிட்டால் ஆள் எதற்கு என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் தொடர்வரிசை அமைப்பிலேயே ஓர் ஓட்டை உண்டு. பங்கீட்டுக் கட்டைக்கும் பேரிங்குக்கும் இடையே குழாய் அறுந்தால் அழுத்தம் ஏறாது. பிஸ்டன்கள் ஒழுங்காக நகரும், பலகையில் பச்சை விளக்கு எரியும், கிரீஸ் தரையில் கொட்டும். தரையில் கிடப்பதைப் பார்க்க நடந்து போகிற ஒருவர் வேண்டும். சூளையின் பெரிய பல்சக்கரத்துக்குக் காற்றோடு கலந்து மசகைத் தெளிக்கும்போது ஒரு நாசில் அடைத்தால், பல்லின் முகத்தில் காய்ந்த பட்டை விழும். அந்தப் பளபளப்பு மாறுவதைப் பழகிய கண் சீக்கிரம் பிடிக்கும். நீராவி எஞ்சினுக்குத் தானாக எண்ணெய் விடும் கருவிக்கு 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற எலைஜா மெக்காய், ரயில்வேயில் கரி தள்ளி எண்ணெய் விடும் வேலை பார்த்தவர். எண்ணெய் எங்கே போகாது என்பது அந்த வேலை செய்தவருக்குத் தெரிந்திருந்தது. நம் ஆலைகளில் கொள்முதல் கூட்டத்துக்கு ஆயில்மேனைக் கூப்பிடுகிற வழக்கம் அரிது. இரட்டைச் செலவு என்பவர்கள், ஒரு பேரிங் எரிந்து சூளை குளிர்ந்து மறுபடி சூடேற்ற ஆகும் நாட்களையும் கணக்கில் சேர்க்கட்டும். உராய்வையும் உயவையும் கவனிக்காததால் தன் நாட்டுக்கு ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு வீணாகிறது என்று பிரிட்டனின் ஜோஸ்ட் குழு 1966-ல் மதிப்பிட்டது.

எல்லோருக்கும் இது வேண்டுமா என்றால், வேண்டாம். அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலையில் கைக்கெட்டும் உயரத்தில் இருபது, முப்பது பாயின்ட் இருந்தால் நல்ல கன்னும், சுவரில் ஓர் அட்டவணையும், உணவுத் தரக் கிரீஸும் போதும். எலிவேட்டர் உச்சியில் இருக்கிற ஓரிரண்டுக்கு மட்டும் தானே கசியும் சிறு குப்பியை மாட்டிவிடலாம். பாபநாசம் அருவி நீரின் விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் மில் கட்டிய காலம் தொட்டு இந்தப் பள்ளத்தாக்கு பஞ்சாலையை அறியும். அங்கே எண்ணெய் ஒரு சொட்டு கூடினால் நூலில் கறை. நூல் நூற்கும் ரிங் பிரேமில் மிக வேகமாக உராய்கிற டிராவலர் என்ற சிறு கொக்கிக்கு யாரும் எண்ணெய் விடுவதில்லை, நசுங்கும் பஞ்சிழையே அதற்கு மசகு. எண்ணெய் எங்கே வேண்டாம் என்று தெரிவதும் ஆயிலரின் தொழில்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பணம் முழுவதையும் கொடுத்து முடிக்கும் முன், பம்பிலிருந்து மிகத் தொலைவில் உள்ள பேரிங்கின் குழாயை ஒருமுறை அடைத்துப் பாருங்கள், ஒருமுறை கழற்றிவிட்டுப் பாருங்கள். எச்சரிக்கை வருகிறதா, எத்தனை நேரம் கழித்து வருகிறது, வராவிட்டால் யார் கண்டுபிடிப்பார் என்று விற்பவரிடமே கேளுங்கள். அந்தச் சோதனை நடக்கும்போது உங்கள் ஆயில்மேனைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் திருப்தி அடையாத அமைப்பை வாங்காதீர்கள்.