விறகுக்குள் தண்ணீர்

போடிநாயக்கனூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். ஊரில் வீடு, மலைமேல் ஏலத்தோட்டம். எதைச் சொன்னாலும், "கணக்கு உண்டா?" என்று கேட்கிற சுபாவம் அவருக்கு. சென்ற ஆண்டு காய் எடுப்புக் காலத்தில் போயிருந்தபோது, அவர் என்னிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். ஏலக்காயை உலர்த்தும் புது டீசல் யந்திரத்துக்கு விளம்பரம். "விறகு வேண்டாம், காடு பிழைக்கும்" என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

"நீங்கள் கதை எழுதுகிறவர். இது கதையா, நிஜமா, சொல்லுங்கள்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு யந்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் மானப் பிரச்சினையாகிவிட்டது. "அளந்து பார்த்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு ஏறியபோதுதான், ஏன் சொன்னோம் என்று தோன்றியது.

ஏலக்காயைப் பாயசத்தில் மட்டும் சந்தித்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பறித்த பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். காய் எடுப்பதோ பெரும்பாலும் மழையும் மூடுபனியுமான மாதங்களில். வெயில் அடித்தாலும் அதில் காய வைத்தால் பச்சை நிறம் வெளுத்துவிடும். நிறம் போனால் போடி ஏலத்தில் விலையும் போயிற்று. ஆகவே தோட்டத்தில் 'ஸ்டோர்' என்று ஒரு கட்டடம். வெளியே அடுப்பு, அறைக்குள்ளே சூட்டைக் கொண்டு செல்லும் இரும்புக் குழாய்கள், அவற்றுக்கு மேலே தட்டுத் தட்டாகக் காய். இரவெல்லாம் நெருப்பு அணையக் கூடாது.

நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். 5 கிலோ பச்சைக்காய் காய்ந்து ஏறக்குறைய 1 கிலோ உலர்காய் ஆகிறது. 4 கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீருக்குச் சுமார் 600 கிலோ காலரி வெப்பம்; ஆக 2,400. நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ காலரி தரும். சூடு துளியும் வீணாகாவிட்டால், முக்கால் கிலோவுக்கும் குறைந்த விறகு போதும்! டீசலானால் கால் லிட்டருக்குச் சற்று மேல். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு கிளம்பும். எனவே கிலோ ஏலக்காய்க்கு முக்கால் கிலோ வாயு. அதுவும் சேதாரமே இல்லாவிட்டால்.

காகிதக் கணக்கு முடிந்தது. இனித் தராசுக் கணக்கு. அன்றிரவு அடுப்புக்குள் போன ஒவ்வொரு கட்டையையும் எடை போட்டோம். விடிந்ததும் கூட்டிப் பார்த்தால், என் கணக்கைப் போலப் பல மடங்கு! சிநேகிதரின் முகம் வாடிவிட்டது. "அப்படியானால் யந்திரம்தான் யோக்கியன்" என்றார்.

அடுப்புப் பார்க்கும் பெரியவர் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது மெல்லக் கேட்டார்: "ஐயா, ராத்திரி பூரா விறகை எடை போட்டீங்க. அதுல தண்ணி எத்தனை கிலோன்னு பாத்தீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மழையில் நனைந்து கிடந்த விறகு அது. ஈர விறகின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கும். காயைக் காய வைப்பதற்கு முன்னால், அந்த நெருப்பு விறகையல்லவா காய வைத்துக்கொண்டிருந்தது! பெரியவர் அத்துடன் விடவில்லை. ஸ்டோர்க் கதவின் இடுக்கில் கையை வைக்கச் சொன்னார். அனல் வெளியே அடித்தது. புகையில் சிவந்து போயிருந்த தம்முடைய கண்களைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதையும் நோட்டில் குறிக்க நினைத்தேன். எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படி அளப்பதற்கு உலகத்தில் ஒரு முறை இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. 14040 என்னும் சர்வதேச நியமம் 1997-ல் வந்து, 2006-ல் திருத்தப்பட்டது. ஒரு பொருளின் பிறப்பிலிருந்து முடிவு வரை பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். கணக்கின் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சூது எல்லாம் அந்த எல்லையில்தான். விளம்பரக்காரர் ஸ்டோர் வாசலில் கோடு போட்டுவிட்டார். டீசல் பூமியிலிருந்து வந்ததும், சுத்தமானதும், லாரியில் மலை ஏறியதும் கோட்டுக்கு வெளியே. விறகுக் கட்சியார் மட்டும் லேசுப்பட்டவர்களா? "மரம் மறுபடி வளர்ந்து வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்" என்கிறார்கள். வளர்ந்தால் சரி, வளராவிட்டால்? ஏலம் நிழலில் பிழைக்கிற செடி. வெள்ளகில் போன்ற நிழல் மரத்தை வெட்டி அடுப்பில் வைப்பவன், இந்த வருஷத்துக் காயைக் காய வைக்க அடுத்த வருஷத்துக் காயை எரிக்கிறான். அந்த நஷ்டம் எந்தத் தராசிலும் ஏறாது.

சிநேகிதர் அவசரப்பட்டு யந்திரம் வாங்கவில்லை. விறகுக்கு ஒரு கொட்டகை போட்டார். கதவு இடுக்கை அடைத்தார். இந்தப் பருவத்தில் மறுபடி எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார். விறகு நன்றாகக் குறைந்திருக்கிறதாம். "இனிமேல் எந்த யந்திரக்காரர் வந்தாலும், எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று எனக்குத் தெரியும்" என்கிறார்.

நோட்டில் புதிதாக இரண்டு பத்திகளும் போட்டிருக்கிறாராம். ஒன்றில், தோட்டத்தில் நிற்கும் நிழல் மரங்களின் எண்ணிக்கை. மற்றதற்குத் தலைப்பு, 'பெரியவர் கண்.' அதன் கீழே என்ன எண் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆனால் புகைபோக்கியை உயர்த்திக் கட்டியாகிவிட்டது.