அம்மா பார்த்த கருடன்

பருந்து பாக்கறதுக்கு இங்கிலாந்து வரைக்கும் போனேன்னு சொன்னா எங்க ஆபீஸ்ல கை கொட்டிச் சிரிப்பாங்க. பொத்தேரில மொட்டை மாடிக்குப் போனாலே தலைக்கு மேல நாலு பருந்து சுத்துது. ஏரிக்கரைப் பக்கம் போனா இன்னும் நாலு. இதுக்கு எதுக்குய்யா விசா, டிக்கெட்டு, குளிர் கோட்டு? நியாயமான கேள்விதான். ஆனா இங்க எழுதப்போறது முழுக்க அந்தப் பருந்தோட கதைதான். பறவைன்னாலே கொட்டாவி வர்றவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம் :)

2024 மே மாசம். அக்கா இருக்கறது ஹை விக்கம். லண்டனுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நடுவுல, சில்டர்ன்ஸ்னு சொல்ற குன்றுகளுக்குள்ள இருக்கற ஊர். அக்காவுக்குக் குழந்தை பொறந்து ஆறு மாசம் ஆகியிருந்துச்சு, அதைப் பாக்க அம்மாவும் நானும் மூணு வாரம் போனோம். இது வெளில சொல்ற காரணம். அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு, அம்மாவைத் தன்கூடவே வச்சுக்கலாமான்னு அக்கா ஆழம் பாக்கறது உள்காரணம். ஆபீஸ்ல ஆணி புடுங்கினது போதும், நாலு புதுப் பறவை பாக்கலாம்னு என் தனிக் காரணம். அம்மா பெட்டில அப்பளம், வடகம், பருப்புப்பொடி. என் பெட்டில பைனாகுலர்.

வீடு நல்ல வீடு. பின்னால புல்தரை, மரவேலி, ஒரு ஆப்பிள் மரம். ஆனா முதல் ஒரு வாரம் அம்மா சரியாவே பேசலை. "இன்னாடா ஊரு இது, ஒரு மனுஷ சத்தம் இல்ல"ன்னு ஜன்னல்கிட்டயே நின்னுட்டு இருப்பாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு பிடி சோறு எடுத்துட்டுப் போய் வேலிமேல வைப்பாங்க. காக்காய்க்குத்தான். வர்றது என்னமோ கொழுத்த காட்டுப்புறா. அது ஆற அமர உக்காந்து காலி பண்ணிட்டுப் போகும். அம்மாவுக்கு அதுல திருப்தியே இல்லை. புறா சாப்டா அப்பாவுக்குப் போய்ச் சேருமா, சேராதாங்கறது தீராத சந்தேகம்.

அப்புறம் அமாவாசை வந்துச்சு. வாழை இலைக்கு அக்கா எங்கெல்லாமோ அலைஞ்சு கடைசில தட்டுலயே படைச்சாங்க. சோறு, வாழைக்காய், உளுந்து வடை எல்லாம் வேலி ஓரம் இருந்த ஷெட்டு கூரைமேல வச்சுட்டு அம்மா "கா... கா..."ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா திரையை விலக்கிப் பாத்தது எனக்குத் தெரிஞ்சுது. அக்கா முகத்தைப் பாக்கணுமே, அவ்வ்வ்வ்!

காக்கா வரலை. ஆப்பிள் மரத்துக்கு மேல ஒரு நிழல் சரிஞ்சுது. அஞ்சடி அகலத்துக்கு ரெக்கை. கூரையைத் தொட்டும் தொடாம ஒரு வீச்சு, காலுல வடை. போயே போச்சு. செம்பழுப்பு உடம்பு, வெளுத்த தலை. அம்மா ரெண்டு கையாலயும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "பெருமாளே... கருடன்டா! கருடனே வந்து எடுத்துட்டுப் போவுது பாரு!"

"அம்மா, அது கருடன் இல்லம்மா, ரெட் கைட்டு. இந்த ஊருல அதான் காக்கா மாதிரி"ன்னு அக்கா சொன்னது அவங்க காதுல விழவே இல்லை. அன்னிக்குத்தான் வந்ததுல இருந்து முதல் தடவையா ரெண்டாவது தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாங்க.

அம்மா ஏமாந்ததுல தப்பே இல்லை. நம்ம கருடன், அதாவது செம்பருந்து, செம்பழுப்பு உடம்பும் வெள்ளைத் தலையுமா இருக்கும். இந்தச் சிவப்புப் பருந்தும் தூரத்துப் பார்வைக்கு அதே சாயல். வாலைப் பாத்தாத்தான் தெரியும். கருடனுக்கு வால் வட்டமா முடியும். பொத்தேரி மேல சுத்தற கள்ளப்பருந்துக்கு நடுவுல லேசா ஒரு வெட்டு. இந்தச் சிவப்புப் பருந்துக்கோ வால் ரெண்டாப் பொளந்து ஆழமா இருக்கும். கள்ளப்பருந்துக்கு இது ஒண்ணுவிட்ட அண்ணன், ரெண்டும் ஒரே பேரினம். இதை அம்மாவுக்குச் சொன்னதும் அவங்களுக்கு வால் பாக்கற பைத்தியம் புடிச்சுக்கிச்சு. பைனாகுலர் என் கைக்குத் திரும்பி வரவே இல்லை. மார்லோ ஊருக்குள்ள தேம்ஸ் ஓரமா நடக்கறப்போ, நெத்தில வெள்ளையோட நீந்திட்டுப் போன ஒண்ணைக் காட்டி, "இங்கியும் நாமக்கோழி நாமம் போட்டுக்கிட்டுத்தான் சுத்துது"ன்னாங்க. அதேதான். நம்ம ஏரியில இருக்கற அதே இனம். கரையில ஒத்தக்கால்ல நின்ன சாம்பல் நாரையும் அதேதான். மரத்துல கத்திட்டு இருந்த பச்சைக்கிளி கூட நம்மாளுதான். கூண்டுல வளர்க்கக் கொண்டுபோனது தப்பிச்சு, லண்டனைச் சுத்தி ஆயிரக்கணக்குல பெருகிக் கிடக்கு. விசா, ஸ்பான்சர்னு ஒரு தொல்லையும் இல்லாம செட்டில் ஆனவங்க அவங்க மட்டும்தான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை மாமா எங்களை வாட்லிங்டன் ஹில்லுக்குக் கூட்டிட்டுப் போனார். கீழ ஆக்ஸ்போர்டுஷையர் சமவெளி, வயல், ஆடு, கண்ணுக்கெட்டின தூரம் பச்சை. குன்றோட விளிம்புல நின்னா பருந்து நம்ம கண்ணு மட்டத்துக்குக் கீழ பறக்குது. முதுகைப் பாக்கலாம்! மொட்டை மாடில நின்னு வயித்தை மட்டுமே பாத்துப் பழகினவனுக்கு அது பெரிய விஷயம்.

அங்க ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், ஸ்கோப்பு போட்டு உக்காந்திருந்தார். அம்மாவைக் கூப்பிட்டு ஸ்கோப்புல பாக்க விட்டார். பேச்சு ஆரம்பிச்சுது, நடுவுல நான் மொழிபெயர்ப்பாளர். அவர் சின்னப் பையனா இருந்தப்போ இந்தக் குன்றுல ஒரு பருந்து கூடக் கிடையாதாம். பாக்கணும்னா வேல்ஸ் மலைக்குப் போகணும், போனாலும் கண்ணுல படும்னு நிச்சயம் இல்லை. "பருந்தே இல்லாத ஊரா?"ன்னு அம்மா நம்பவே இல்லை.

நிஜம்தான். ஒருகாலத்துல லண்டன் தெருக்குப்பையைச் சுத்தம் பண்ணினதே இந்தப் பருந்துங்கதான். அப்புறம் கோழிக்குஞ்சைத் தூக்குது, வேட்டைப் பண்ணைப் பறவையைத் தூக்குதுன்னு சுட்டாங்க, விஷம் வச்சாங்க. 19ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள இங்கிலாந்துலயும் ஸ்காட்லாந்துலயும் இனம் அத்துப்போச்சு. வேல்ஸ்ல மட்டும் கைவிரல் விட்டு எண்ணற அளவு மிச்சம். அதையும் 1903ல இருந்து கூட்டுக்குக் கூடு காவல் போட்டுத்தான் காப்பாத்தினாங்க. 1989ல இருந்து 1994 வரைக்கும் ஸ்பெயின்ல இருந்து சுமார் 90 பருந்துகளைக் கொண்டுவந்து இந்த சில்டர்ன்ஸ்லதான் விட்டாங்க. ஏரோபிளேன்ல வந்து இறங்கின பருந்தோட பேரப்பிள்ளைதான் எங்க வடையைத் தூக்கினது. இதுல எனக்குப் புடிச்ச சங்கதி, பின்னாடி ஸ்பெயின்ல பருந்து குறைஞ்சுபோச்சுன்னு 2022ல இருந்து இங்கிலாந்துக் குஞ்சுகளை அங்க அனுப்பினாங்க. வாங்கின கைமாத்தைத் திருப்பிக் கொடுத்திருக்காங்க!

இதை எல்லாம் கேட்டு முடிச்சதும் அம்மா கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாங்க. "எங்க ஊருலயும் ரெண்டு கழுகு இருந்துச்சுன்னு அவருகிட்ட சொல்லுடா."

திருக்கழுக்குன்றம் கதை. செங்கல்பட்டுக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம். வேதகிரீஸ்வரர் மலைமேல உச்சி வேளைக்கு அர்ச்சகர் பாறைமேல பொங்கலை வச்சுக் காத்திருப்பார். எங்க இருந்தோ ரெண்டு கழுகு வந்து இறங்கி, சாப்பிட்டுட்டுப் பறந்து போகும். காலைல காசில குளிச்சுட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்க வருதுங்கன்னு ஐதீகம். ஊருக்கே பட்சி தீர்த்தம்னு ஒரு பேரு. அம்மா சின்ன வயசுல தாத்தா தோள்மேல உக்காந்து பாத்திருக்காங்க. "வெள்ளையா, மொகம் மட்டும் மஞ்சப் பூசின மாதிரி இருக்கும்"னாங்க. நான் பெயரைச் சொல்றதுக்கு முன்னாடியே பெரியவர் "ஈஜிப்ஷியன் வல்ச்சர்!"னு கத்தினார். மஞ்சள்முகப் பாறு. அது மனுஷன் கையால வச்ச பொங்கலைத் தின்ன தினம் வரும்ங்கறதை அவரால நம்பவே முடியலை. என்கிட்ட ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டார்.

அப்புறம் கேட்டார், "இப்பவும் வருதா?"

இதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கலை. அம்மா தலையாட்டினாங்க. 1998க்கு அப்புறம் வரலை.

"யாராவது திரும்பக் கொண்டுவரப் பாத்தாங்களா?"

அவர் சாதாரணமாத்தான் கேட்டார். அவர் ஊருல அது நடந்த காரியம், அதனால கேட்டார். எனக்குச் சுருக்குன்னுச்சு. நம்ம ஊருல கழுகு வராததுக்கு எத்தனை விளக்கம் கேட்டிருக்கேன். கலி முத்திடுச்சு, ரிஷிங்களுக்கு சாபவிமோசனம் ஆயிடுச்சு, பாவம் பெருகிடுச்சு. திரும்பக் கொண்டுவரலாம்ங்கற பேச்சை ஒருத்தர் வாயிலயும் கேட்டதில்லை.

இந்தியா முழுக்கப் பாறுகள் கூட்டம் கூட்டமா செத்தது அதே 90கள்லதான். வெண்முதுகுப் பாறு நூத்துக்குத் தொண்ணூத்தொன்பதுக்கு மேல போயிடுச்சு. காரணம் டைக்ளோஃபெனாக், நாம முட்டி வலிக்குப் போடற அதே மாத்திரை. வலியில கிடக்கற மாட்டுக்கு ஊசி போடுவாங்க, மாடு செத்துப்போனா பாறு வந்து தின்னும், தின்ன பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துபோகும். 2004ல பாகிஸ்தான்ல நடந்த ஆராய்ச்சிலதான் இது உறுதியாச்சு. 2006ல மாட்டுக்கு இதைப் போடக்கூடாதுன்னு இந்தியாவுல தடை வந்துச்சு. மாத்து மருந்துன்னு வந்த அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் ரெண்டுக்கும் 2023ல தடை. தமிழ்நாட்டுல பாறு பாக்கணும்னா இப்ப நீலகிரி அடிவாரம் மாயாறு பள்ளத்தாக்குக்குத்தான் போகணும். பெரியவர் சொன்ன வேல்ஸ் மலை மாதிரி. ஆக, விதை இன்னும் மிச்சம் இருக்கு. மருந்துக்கடையைச் சரிபண்ணாம பறவையை மட்டும் கொண்டுவந்து விட்டா எதுவும் தங்காது, அது வேற விஷயம். ஸ்பெயின்காரப் பருந்து இங்க பொழைச்சது துப்பாக்கியும் விஷமும் ஓய்ஞ்சதாலதான்.

நான் தலையைத் தொங்கப் போட்டதைப் பாத்து அம்மா, "இன்னாடா மூஞ்சி அப்படிப் போவுது? வேடந்தாங்கலைச் சொல்லு அவருக்கு"ன்னாங்க. அம்மா பொறந்தது வேடந்தாங்கலுக்கு அடுத்த ஊரு. அந்தக் கர்வம் அவங்களுக்கு எப்பவும் உண்டு. சொன்னேன். வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க ஏரியில பறவையைச் சுட்டப்போ ஊரே போய் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்ட நின்னு, இனி யாரும் சுடக்கூடாதுன்னு 1798ல கவுல் வாங்கினதைச் சொன்னேன். 1858ல வேற கலெக்டர்கிட்ட அதைப் புதுப்பிச்சும் வாங்கினாங்க. அவங்க நாட்டோட பெரிய பறவைச் சங்கம் ஆரம்பிச்சதே 1889லதான். ஊர்க்காரங்க படிச்சவங்களா, ஜீவகாருண்யமான்னா, கணக்குத்தான் முதல்ல. நாரை, கொக்கு, நீர்க்காகம், கூழைக்கடா எல்லாம் ஏரி மரத்துல கூடு கட்டும், எச்சம் தண்ணில விழும், அந்தத் தண்ணி மதகு வழியா வயலுக்குப் பாயும். காசு குடுக்காம உரம். ஊரு பேரே வேடனோட தாங்கல், காவல் காத்தது பறவையை! பெரியவர் இதை நோட்டுல எழுதிக்கிட்டார். ஸ்பெல்லிங் சொல்லி மாளலை.

மூணாவது வாரம் அக்கா அம்மாகிட்ட நேராவே கேட்டுட்டா, விசா ஆறு மாசம் இருக்கே, இருந்துட்டுத்தான் போயேன்னு. அம்மா குழந்தையைத் தூக்கிட்டு ரொம்ப நேரம் தோட்டத்துல நின்னாங்க. "நான் ஊருக்குப் போறேன்டி. புள்ளைக்கு நாலு வயசு ஆனதும் மார்கழில கூட்டிட்டு வா. ஏரி ரொம்பியிருக்கும்"னாங்க. அக்கா அழுதா. அந்த ராத்திரி எனக்கும் தூக்கம் வரலை. யார் பக்கம் நியாயம்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியலை. குழந்தையைத் தினம் வீடியோவுல பாத்துட்டு ஃபோனை வச்சதும் அம்மா கொஞ்ச நேரம் பேசமாட்டாங்க.

2025 ஜனவரில, படாளம் கூட்டுரோட்டுல திரும்பி வேடந்தாங்கல் போனோம். ஏரி தளும்பிட்டு இருந்துச்சு. நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், மரம் கொள்ளாத கூட்டம். 2020ல சரணாலயத்தைச் சுத்தி இருக்கற 5 கிலோமீட்டர் பாதுகாப்பு எல்லையை 3 கிலோமீட்டராக் குறைக்க ஒரு திட்டம் வந்து, எதிர்ப்பு கிளம்பி நின்னுபோனதை அம்மாகிட்ட சொன்னேன். "கவுலை மறுபடி புதுப்பிச்சாங்களாமா?"ன்னு கேட்டாங்க. 2022ல ராம்சார் பட்டியல்ல வேடந்தாங்கல் சேந்ததைச் சொன்னேன். அது என்னன்னு விளக்கறதுக்குள்ள அவங்க பாம்புத்தாரா பக்கம் திரும்பிட்டாங்க.

அடுத்த மாசம் ஒரு நாள் திருக்கழுக்குன்றம். 500க்கு மேல படி. அம்மாவுக்கு முட்டி வலி, கீழயே உக்காந்துட்டாங்க. நான் மட்டும் ஏறினேன். மேல போய்ச் சேரும்போது மணி பன்னண்டு. சாமி கும்பிட்டுட்டுப் பாறைப் பக்கம் நின்னேன். கீழ சங்குதீர்த்தக் குளம் வெயில்ல பளபளன்னு இருந்துச்சு. ஃபோன் அடிச்சுது.

"எதுனா வந்துச்சாடா?"

"ரெண்டு சுத்துதும்மா, ரொம்ப உயரத்துல."

"வால் பாரு."

பைனாகுலரை எடுத்தேன். "லேசா வெட்டு இருக்கும்மா."

"அப்ப நம்மூரு பருந்துதான். எறங்கி வா, பசிக்குது."