சீட்டு மன்னர்கள் காசுக்காகத்தான் ஆடுகிறார்களா?

பெண்ணாடம் பக்கம் சீட்டு என்றால் ரம்மிதான். பொங்கல் லீவில் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்தால் போதும், கட்டைப் பிரித்துவிடுவார்கள். போக்கரை சினிமாவில் பார்த்ததோடு சரி. ஆனால் அதையே முழுநேரத் தொழிலாக வைத்துக்கொண்டு, ஊர் ஊராகப் பறந்து போட்டி ஆடுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எதற்காக? காசுக்குத்தான், வேறென்ன என்பீர்கள். அங்கேதான் இடிக்கிறது.

பி.காம் மூளையோடு கொஞ்சம் கணக்குப் போடுவோம். 1970 முதல் லாஸ் வேகாஸில் நடக்கும் வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர்தான் இதில் பெரிய திருவிழா. முக்கியப் போட்டியின் நுழைவுக் கட்டணமே 10,000 டாலர். 2003ல் 839 பேர் ஆடினார்கள். முதல் பரிசு 25 லட்சம் டாலர். பெரும்பாலானோர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார்கள். 'இவர் வாழ்நாளில் இத்தனை கோடி ஜெயித்தார்' என்று பட்டியல் போடுகிறார்களே, அதில் கட்டிய நுழைவுக் கட்டணத்தைக் கழிப்பதில்லை. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்ட பேரேடு! (இன்டர்னல் டெஸ்டில் இப்படி எழுதிப் பாருங்கள், தெரியும்.) போதாததற்கு, பலர் கட்டணத்துக்கே அடுத்தவரிடம் பணம் வாங்கி, ஜெயித்தால் பங்கு தருகிறார்கள்.

அந்த 2003 போட்டியை ஜெயித்த கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரேதான்!) ஒரு அக்கவுண்டன்ட். நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி, இன்டர்நெட் போட்டி வழியாக உள்ளே வந்தவர். அவர் கதையைக் கேட்டுக் கூட்டம் அள்ளியது. 2006ல் 8,773 பேர். நம்மூரில் போன் ரம்மி விளம்பரங்கள் விற்றதும் இதே கதையைத்தான். கடன், தற்கொலை என்று செய்திகள் வந்தபிறகு 2022ல் நீதிபதி சந்துரு குழு, அதே வருடம் அவசரச் சட்டம். 2023ல் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் விலக்கு கொடுத்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் உச்சியில் இருப்பவர்களின் பசி வேறு மாதிரி. ஃபில் ஹெல்முத் 1989ல் 24 வயதில் முக்கியப் போட்டியை ஜெயித்தார். அப்புறமும் விடவில்லை. அங்கே ஒவ்வொரு போட்டியிலும் ஜெயித்தவருக்கு ஒரு கைச்சங்கிலி தருவார்கள். 2023ல் அவர் வாங்கியது பதினேழாவது. காசு வேண்டியவருக்கு எதற்குப் பதினேழு சங்கிலி?

இன்னும் புரியவேண்டும் என்றால் ஸ்டூ அங்கரைப் பார்க்கவேண்டும். நியூயார்க்காரர். அவருடைய ஆட்டம் முதலில் போக்கரே இல்லை, ஜின் ரம்மி. நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட தம்பி, 13க்குப் பதில் 10 சீட்டு. அதில் யாராலும் அவரை அசைக்க முடியவில்லை. கடைசியில் எதிரே உட்காரவே ஆள் கிடைக்கவில்லை. காசுதான் குறி என்றால் நடுநடுவே நாலு ஆட்டம் விட்டுக்கொடுத்து ஆளைத் தக்கவைத்திருக்கலாம். எந்த வியாபாரியும் அதைத்தான் செய்வான். அங்கருக்கு அது வரவில்லை. போக்கருக்கு வந்து 1980, 1981 இரண்டு வருடமும் உலகப் பட்டம் வாங்கினார். வந்த பணமெல்லாம் குதிரைப் பந்தயத்திலும் போதையிலும் போனது.

1997ல் அவர் கையில் கட்டணத்துக்கே காசில்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற ஆட்டக்காரர் 10,000 டாலர் கட்டினார். அங்கர் மூன்றாவது முறை ஜெயித்தார். பத்து லட்சம் டாலர், ஆளுக்குப் பாதி. சில மாதத்தில் அவர் பாதியும் காலி. அடுத்த வருடமும் பாக்ஸ்டர் பணம் கட்டினார். அங்கர் அறையை விட்டு இறங்கி வரவேயில்லை. 1998 நவம்பரில் லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 45. அடக்கச் செலவுக்கு நண்பர்கள்தான் வசூல் செய்தார்கள்.