வாடகை வீடும் வாழும் ஊரும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனித வாழ்வின் அடிப்படைத் தேவைகள் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். இம்மூன்றனுள் உணவும் உடையும் விலைகொடுத்து வாங்கிய அளவிலே வாங்கியவருக்கே உரியவை ஆகிவிடுகின்றன. உறையுளின் நிலை வேறு. ஒருவருக்கு உரிமையான வீட்டில் மற்றொருவர் விளக்கேற்றி வாழ்வதும், அதற்கென மாதந்தோறும் ஒரு தொகை கைமாறுவதும் உலகெங்கும் உள்ள வழக்கம். சாவி ஒருவரிடம் இருக்கிறது. பத்திரம் வேறொருவரிடம் இருக்கிறது. இவ்விருவரையும் இணைப்பது பணம் மட்டுந்தானா? அன்றி, அதனினும் உயர்ந்த கடமையுணர்வு ஒன்று அவர்களுக்கிடையே வேண்டுமா?

இவ்வினாவுக்கு விடைகாண இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சிற்றூர்கள் நல்ல களமாக அமைகின்றன. பெருநகரில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அடுத்த தெருவில் இருப்பவர்க்கும் தெரியாது. ஐம்பது அறுபது குடும்பங்களே வாழும் சிற்றூரில் ஒரு வீட்டின் விளக்கு அணைந்தாலும் ஊர் முழுவதும் அதனை உணரும். அங்கே ஒரு வீட்டை யாருக்கு விடுவது, எப்படி விடுவது என்பது உரிமையாளரின் சொந்தக் கணக்காக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஊரின் வாழ்வையும் அது தொடுகிறது.

தென்மேற்கு இங்கிலாந்தின் வில்ட்ஷயர் வட்டாரத்தில் லேகாக் என்றோர் ஊர் உண்டு. நான்கு தெருக்கள், கல்லாலும் மரச் சட்டங்களாலும் கட்டப்பட்ட பழைய வீடுகள், ஒரு தேவாலயம், 13ஆம் நூற்றாண்டில் துறவுமடமாகத் தோன்றிப் பின்னாளில் டால்பட் குடும்பத்தின் மாளிகையான பெரிய கட்டடம் ஆகியவையே அவ்வூரின் செல்வம். அக்குடும்பத்தின் மட்டில்டா டால்பட் அம்மையார் 1944ஆம் ஆண்டில் மாளிகையையும் ஊரையும் சேர்த்து ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் தேசிய அறக்கட்டளைக்கு வழங்கினார். பழங்காலத் தெருவைக் காட்ட விரும்பும் திரைப்படக் குழுவினர் இவ்வூரை நாடி வருவர். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்து மகிழ்வர். ஆனால், அவர்கள் படமெடுக்கும் வீடுகளுள் பெரும்பாலானவை வாடகை வீடுகள் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அழகிய கதவு ஒவ்வொன்றின் பின்னும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. கூரை ஒழுகினால் யாருக்குச் சொல்வது என்னும் கேள்வி இருக்கிறது. குளிர்காலச் செலவைப் பற்றிய கவலையும் இருக்கிறது.

அவ்வறக்கட்டளையை 1895ஆம் ஆண்டில் தோற்றுவித்த மூவருள் ஆக்டேவியா ஹில் அம்மையார் (1838-1912) ஒருவர். வீடுகளை வாடகைக்கு விட்டு நிருவகிக்கும் பணிக்கு ஓர் அறநெறியை வகுத்துக் காட்டியவர் அவரே எனலாம். கலை அறிஞர் ஜான் ரஸ்கின் தந்த பணத்தைக் கொண்டு, 1865இல் இலண்டனின் மேரிலபோன் பகுதியில் சீரழிந்து கிடந்த மூன்று சிறு வீடுகளின் பொறுப்பை அவர் ஏற்றார். போட்ட பணத்துக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வருவாய் தருவது ஏற்பாடு. ஆகவே, அவர் நடத்தியது தருமச் சத்திரம் அன்று. வாடகை தவணை தவறாமல் வரவேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். அதே கண்டிப்பைத் தம் கடமையிலும் காட்டினார். பழுதுபார்ப்பதற்கென ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கினார். உடைப்பும் சேதமும் குறைந்து அத்தொகையில் மீதம் இருந்தால், அதனைக் கொண்டு எந்த வசதியைச் செய்துகொள்வது என்பதைக் குடியிருப்போரே முடிவு செய்தனர். பிறர் வீட்டைப் பேணுவதால் தமக்கும் நன்மை உண்டு என்பதை அவர்கள் கண்கூடாகக் கண்டனர். அவரிடம் பயிற்சி பெற்ற பெண்கள் வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று வாடகை வாங்கினர். வாங்கும்போதே உடைந்த படிக்கட்டையும் ஒழுகும் குழாயையும் கண்டு வந்தனர்.

அம்மையார் பணியாற்றியது நகரத்து ஏழைகளிடையே. எனினும், அவர் கண்ட நெறி சிற்றூருக்கும் பொருந்தும். வாடகை வாங்கும் கையே பழுது பார்க்கவும் நீளவேண்டும் என்பதே அந்நெறியின் சாரம்.

பழுது பார்த்தல் என்பது சிற்றூரில் எளிய செயலன்று. 1919ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட வீடுகள் பலவற்றின் சுவர்கள் நடுவே இடைவெளி இல்லாத திண்ணிய சுவர்கள். அவற்றில் கல்லையும் செங்கல்லையும் இணைத்தது சுண்ணச்சாந்து. மழையின் ஈரம் சுவரில் ஏறும். காற்றும் வெயிலும் பட்டதும் சுண்ணத்தின் நுண்துளைகள் வழியே வெளியேறும். இவ்வியல்பை அறியாத உரிமையாளர் விரிசலைக் கண்டதும் சிமெண்டைப் பூசிவிடுகிறார். சுவர் பார்வைக்குப் புதிதாகிறது. ஈரமோ உள்ளே சிறைப்படுகிறது. அடுத்த குளிர்காலத்தில் படுக்கையறையின் மூலையில் கரும்பூஞ்சணம் படர்கிறது. குடியிருப்பவர் சன்னலைத் திறப்பதே இல்லை என்று உரிமையாளர் குறை கூறுகிறார். சுவரே கெட்டுவிட்டது என்று குடியிருப்பவர் குறை கூறுகிறார். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கக்கூடும். சமையலிலும் குளியலிலும் எழும் நீராவி வெளியேறச் சன்னல் திறக்கப்பட வேண்டும். ஏறிய ஈரம் இறங்கச் சுவருக்கும் வழி வேண்டும். ஒருவர் மட்டும் முயன்று அவ்வீட்டை உலர்வாக வைத்திருக்க இயலாது.

நகரத்தார் அறியாத வேறு பொறுப்புகளும் உண்டு. எரிவாயுக் குழாய் எட்டாத ஊர்கள் பல. அங்கெல்லாம் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்கு மண்ணெண்ணெய் வகை எரிபொருள் வேண்டும். தோட்டத்து மூலையில் நிற்கும் தொட்டியை லாரி வந்து நிரப்பிச் செல்லும். பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணையாத வீடுகளில் கழிவுநீர் மண்ணில் புதைத்த தொட்டிக்குச் செல்லும். அத்தொட்டியின் நீரை நேரே ஓடையில் விடுதல் கூடாது. எண்ணெய்த் தொட்டியை யார் நிரப்புவது? கழிவுநீர்த் தொட்டியை யார் வாரச் செய்வது? புகைபோக்கியின் கரியை யார் அகற்றுவிப்பது? செடிவேலியை யார் வெட்டுவது? இவற்றை எழுதி வைக்காமல் சாவியைக் கொடுத்தால், முதற் பனிக்காலத்திலேயே மனக்கசப்பு தோன்றிவிடும். வரலாற்றுச் சிறப்புடைய கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடாயின், பழைய சன்னலைப் பெயர்த்து அதன் தோற்றத்தை மாற்றும் வேலைக்கு உள்ளாட்சி மன்றத்தின் இசைவையும் பெறவேண்டும்.

இக்கடமைகளுள் முதன்மையானவற்றைச் சட்டமே வரையறுத்துள்ளது. கூரை, சுவர் முதலிய கட்டமைப்பையும், நீர், மின்சாரம், எரிவாயு, வெப்பமூட்டும் ஏற்பாடு ஆகியவற்றையும் சீராக வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு என்பதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. எரிவாயுக் கருவிகளை ஆண்டுக்கு ஒருமுறையும், மின் இணைப்புகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுதியுடையோர் சோதிக்க வேண்டும். வீடு மனிதர் வாழத் தகுதியுடையதாக இருத்தல் வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், குடியிருப்பவர் தாமே நீதிமன்றத்தை நாடவும் வழி செய்தது. குடியிருப்பவர்க்கும் கடமை உண்டு. வீட்டை ஒழுங்காகப் பயன்படுத்துவதும், பழுதைக் கண்டவுடன் தெரிவிப்பதும் அவர் பொறுப்பு. கூரையின் ஓர் ஓடு நகர்ந்த அன்றே சொன்னால் ஒரு மணி நேர வேலை. ஓராண்டு கழித்துச் சொன்னால் உத்தரமே உளுத்துப்போயிருக்கும்.

வீடு கைமாறும் நாள் இவ்வுறவின் முதற்பாடம். அன்று அறைஅறையாகச் சென்று, தரைவிரிப்பின் கறை முதல் கதவின் கீறல் வரை அனைத்தையும் பட்டியலாக எழுதிப் படமெடுத்து வைப்பர். ஒளிப்படக் கலை வளர்ந்த கதையில் லேகாக்கிற்கும் ஓர் இடம் உண்டு. அவ்வூர் மாளிகையின் சன்னல் ஒன்றை 1835இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எடுத்த சிறு படம், இன்றும் எஞ்சியுள்ள மிகப் பழைய எதிர்மறைப் படம் எனப் போற்றப்படுகிறது. அன்று ஓர் அறிஞரின் ஆய்வாக இருந்த கலை, இன்று வாடகை வீட்டின் நடுநிலைச் சாட்சியாகிவிட்டது. குடியிருப்பவர் தரும் முன்பணம் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது என்பது 2019இல் வந்த கட்டுப்பாடு. அப்பணத்தை உரிமையாளர் தம் விருப்பம்போல் வைத்துக்கொள்ளவும் இயலாது. அரசு ஏற்ற காப்புத் திட்டம் ஒன்றில் 30 நாள்களுக்குள் அதனைப் பாதுகாக்க வேண்டும். வாழ்ந்த வீடு இயல்பாகத் தேய்வதற்கு எவரும் ஈடு கேட்க இயலாது. கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கே ஈடு உண்டு. தேய்வு எது, சேதம் எது என்பதைக் காட்ட முதல்நாள் எழுதிய பட்டியலே துணை.

இவ்வளவு ஒழுங்கு ஏன் தேவைப்பட்டது? ஆங்கிலச் சிற்றூரின் பழைய வரலாறு இதற்கு விடை கூறும். பண்ணை வேலைக்காரனுக்கு வேலையோடு சேர்த்து வீடும் கொடுப்பது அங்கு நெடுநாள் வழக்கம். முதலாளியுடன் ஒரு சொல் தடித்தால் வேலை போகும்; வேலை போனால் வீடும் போகும். நோயுற்றாலும் முதுமையுற்றாலும் அதே கதி. கணவனை இழந்த பெண், அடுத்த வேலைக்காரனின் குடும்பத்துக்கு இடம்விட்டு வெளியேற வேண்டியிருந்தது. தலைக்கு மேலிருக்கும் கூரை பறிபோகும் என்னும் அச்சம் உள்ளவன் கூலி உயர்வு கேட்க வாய் திறப்பானா? பண்ணைத் தொழிலாளர் இயக்கத்தின் நெடிய போராட்டத்திற்குப் பின், 1976ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட வேளாண் குடியிருப்புச் சட்டமே அவர்களுள் பலருக்குக் குடியிருப்புப் பாதுகாப்பை வழங்கியது.

தராசு பின்னர் மறுபக்கம் சாய்ந்தது. 1989 சனவரியில் நடைமுறைக்கு வந்த 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் காரணம் எதுவும் கூறாமல் இரண்டு மாத அறிவிப்பில் வீட்டைத் திரும்பக் கேட்கும் உரிமை உரிமையாளருக்குக் கிடைத்தது. அதனால் வாடகைக்கு வீடு விடப் பலர் துணிந்தனர் என்பது உண்மை. ஆயினும், குழந்தையைச் சிற்றூர்ப் பள்ளியில் சேர்த்த தாய், அடுத்த ஆண்டும் அவ்வூரில் இருப்போமா என்று அறியாமல் வாழ்ந்தாள் என்பதும் உண்மை. 2025ஆம் ஆண்டில் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம் இந்நிலையை மாற்ற வந்தது. காரணமின்றி வெளியேற்றும் முறையை அது ஒழிக்கிறது. வாடகையை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் உயர்த்தவும் தடை விதிக்கிறது. இம்மாற்றங்கள் நடைமுறைக்கு வரும் நாளாக 2026 மே முதல் நாள் குறிக்கப்பட்டது. உரிமையாளர் தாமே குடியேறவோ விற்கவோ விரும்பினால், உரிய கால அறிவிப்புத் தந்து வீட்டைக் கேட்கலாம். வாடகை பெருமளவு நிலுவையானாலும் நீதிமன்றத்தை நாடலாம்.

உரிமையாளர் எல்லாரும் செல்வர் அல்லர் என்பதையும் மறத்தலாகாது. தாய் விட்டுச்சென்ற ஒற்றை வீட்டின் வாடகையை நம்பி முதுமையைக் கழிப்போரும் உண்டு. கொதிகலன் பழுதானால் அவர்தம் பல மாத வருவாய் கரைந்துவிடும். ஆகவே, இரண்டு பக்கத்திலும் அச்சம் உண்டு. ஒரு பக்கம் வீட்டை இழக்கும் அச்சம். மறுபக்கம் வருவாயை இழக்கும் அச்சம்.

இவ்வச்சங்களால் சலிப்புற்ற உரிமையாளர்க்கு வேறொரு வழி எளிதாகத் தென்படுகிறது. வீட்டை விடுமுறைப் பயணிகளுக்கு வார வாடகைக்கு விடுவதே அவ்வழி. கோடையில் கிடைக்கும் தொகை பெரிது; வந்தவர் தாமே சென்றுவிடுவர். ஆனால், ஊருக்கு நேர்வது என்ன? கடலோர ஊர்களிலும் மலையோர ஊர்களிலும் குளிர்கால மாலையில் தெருத்தெருவாகச் சன்னல்கள் இருண்டு கிடக்கின்றன. பள்ளிக்குப் பிள்ளைகள் குறைகின்றனர். அஞ்சலகமும் கடையும் ஆதரவின்றி மூடப்படுகின்றன. முதியோரைப் பேணும் தாதியும், பேருந்து ஓட்டுநரும், கூரை வேய்பவரும் குடியிருக்க வீடின்றித் தொலைவிலிருந்து வந்து போகின்றனர். கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடலோர ஊரில், புதிதாகக் கட்டும் வீடுகள் நிலையாகக் குடியிருப்போர்க்கே உரியவை ஆகவேண்டும் என்னும் திட்டம் 2016இல் வாக்கெடுப்புக்கு வந்தது. வாக்களித்தோருள் ஐந்தில் நான்கு பங்கினர்க்கும் மேற்பட்டோர் அதனை ஆதரித்தனர். இரண்டாம் வீடுகளுக்கு இரு மடங்கு வரை உள்ளாட்சி வரி விதிக்கும் அதிகாரமும் 2025 ஏப்பிரல் முதல் இங்கிலாந்தின் மன்றங்களுக்குக் கிடைத்துள்ளது.

வரியும் சட்டமும் தீமையைத் தடுக்கும் வேலிகள். வேலி மட்டுமே பயிரை வளர்த்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் சோதனைச் சான்றிதழைப் பெறும்படி சட்டம் கூறலாம். பனி கொட்டும் இரவில் குடியிருப்பவரின் அழைப்புக்கு உடனே மறுமொழி தரும் மனத்தை அது உண்டாக்க இயலாது. வாடகையைத் தவணையில் செலுத்தும்படி சட்டம் கூறலாம். பிறர் வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்பிள் கன்றை நட்டுவைக்கும் அன்பை அதனால் கட்டளையிட இயலாது.

வீட்டின் உரிமை பத்திரத்தில் இருக்கிறது. அதன் உயிர் அதில் வாழ்வோரிடம் இருக்கிறது. குடியிருப்பவரை வருவாயின் வாயிலாக மட்டும் காணாமல் ஊரில் ஒருவராகக் காணும் உரிமையாளரும், வீட்டை வழிப்போக்கரின் தங்குமிடமாகக் கருதாமல் பொறுப்போடு பேணும் குடியிருப்பவரும் சேரும்போது, நான்கு சுவர்கள் இல்லமாகின்றன. அத்தகைய இல்லங்கள் சில இருந்தால் போதும். பள்ளியின் மணி தொடர்ந்து ஒலிக்கும், கடையின் கதவு திறந்திருக்கும், ஊரும் வாழும்.